வாரத்தில் மூன்று நாட்கள்: டயாலிசிஸ் வரலாறும் நமது குடும்பங்களும்



நமது சங்கம் தொடங்கிய காலத்தில், ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறவர்கள் ஊர்க் கடிதத்தைப் பற்றியும் கடை வாடகையைப் பற்றியும் விசாரித்துக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று அதே வாசலில் இன்னொரு விசாரிப்பும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "மாமாவைக் காணோமே?" என்று ஒருவர் கேட்டால், "அவருக்குத் திங்கள், புதன், வெள்ளி" என்று பதில் வருகிறது. அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது.

நம் முன்னோர் கப்பலேறி வந்ததையும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும், சூலியா தெருவையும் பற்றி எழுதத் தகுதியுள்ள பெரியவர்கள் இந்த மலரில் எழுதுவார்கள். நாங்கள் பிறையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் சகோதரர்கள். பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு படிப்பை முடித்துக்கொண்டு கடைக்கு வந்தவர்கள். மருத்துவம் படித்தவர்கள் அல்லர். ஆனால் எங்கள் பெரியத்தா ஐந்து ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்தார். அந்த ஆண்டுகளில் படித்தும் கேட்டும் பட்டும் தெரிந்துகொண்ட ஒரு வரலாற்றை இங்கே எழுதுகிறோம். இயந்திரம் மனிதரை உயிரோடு வைத்திருக்கிறது. அவரை மறுபடி மறுபடி வார்டில் படுக்கவிடாமல் காப்பதில் பெரும்பங்கு, இயந்திரத்தைச் சுற்றியிருக்கும் மனிதர்களுடையது. அந்த வரலாறு எங்களுக்குச் சொன்ன பாடம் இதுதான்.

மர உருளையில் தொடங்கிய கதை

டயாலிசிஸ் என்ற சொல்லை இன்றைய பொருளில் வழங்கியவர் ஸ்காட்லாந்து வேதியியல் அறிஞர் தாமஸ் கிரஹாம். 1861இல் அவர் கண்டு சொன்னது எளிமையானது. மெல்லிய சவ்வு ஒன்றை நடுவில் வைத்தால் சிறிய துகள்கள் அதன் வழியே மறுபக்கம் போய்விடும், பெரியவை இப்பக்கமே நின்றுவிடும். கடையில் நாம் சல்லடையால் செய்கிற வேலைதான். ஆனால் இந்தச் சல்லடையால் ஒரு மனித உயிரைக் காப்பாற்ற இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன.

இரண்டாம் உலகப் போர்க்காலம். ஹாலந்து நாடு ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. கம்பென் என்ற சிற்றூர் மருத்துவமனையில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் வேலை பார்த்தார். போரினால் எந்தப் பொருளும் சரியாகக் கிடைக்காத நேரம். இறைச்சி அடைக்கும் செல்லோஃபேன் குழாயை மரச்சட்ட உருளை ஒன்றில் சுற்றி, அதனுள் நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டு, உப்புக்கரைசல் நிரம்பிய தொட்டியில் அந்த உருளையைச் சுழலவிட்டார். 1943இல் அவர் சிகிச்சையைத் தொடங்கினார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. ஆனாலும் அவர் கைவிடவில்லை. 1945இல், நினைவிழந்து கிடந்த 67 வயதுப் பெண்மணி ஒருவர் கண் விழித்தார். செயற்கைச் சிறுநீரகத்தால் உயிர் பிழைத்த முதல் மனிதர் என்று அவரைச் சொல்கிறார்கள். போர் முடிந்ததும் கோல்ஃப் தாம் செய்து வைத்திருந்த இயந்திரங்களை வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். வியாபாரிகளான எங்களுக்கு அந்தச் செய்தி மனத்தில் நின்றுவிட்டது.

ஆனால் கோல்ஃபின் இயந்திரம், சில நாட்களில் தானாகத் தேறக்கூடிய சிறுநீரகத்துக்கு மட்டுமே உதவியது. ஒவ்வொரு முறையும் இரத்தக்குழாயைப் புதிதாக வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. சில முறைக்குப் பிறகு வெட்டுவதற்குக் குழாயே மிஞ்சாது. நிரந்தரமாகச் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வழி இல்லை.

யாருக்கு உயிர் என்று தீர்மானித்த குழு

அந்த வழியைத் திறந்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர். 1960இல் அவர் டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிரந்தரமாகப் பொருத்தினார். சட்டியில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே பொருள்தான். அதில் இரத்தம் எளிதில் உறையவில்லை. வேண்டும்போது திறக்கலாம், முடிந்ததும் மூடலாம். முதல் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆனால் 1962இல் அங்கே தொடங்கிய மையத்தில் இருந்த படுக்கைகள் மூன்றுதான். வேண்டியவர்களோ ஏராளம். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று தீர்மானிக்கப் பொதுமக்களில் இருந்து ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். வயது, குடும்பம், வேலை, வருமானம் எல்லாவற்றையும் பார்த்து அந்தக் குழு முடிவு சொன்னது. இடம் கிடைத்தவர் வாழ்ந்தார், கிடைக்காதவர் இறந்தார். அதே ஆண்டு ஒரு பத்திரிகை இதை வெளிக்கொண்டுவந்தபோது உலகமே அதிர்ந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1972இல், டயாலிசிஸ் செலவை ஏற்கும் சட்டத்தை அமெரிக்க அரசு கொண்டுவந்தது.

இதற்கிடையில் 1966இல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ ஆகிய மருத்துவர்களின் குழு இன்னொரு பெரிய வழியைக் காட்டியது. வெளிக்குழாயே வேண்டாம், மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் தோலுக்கடியில் இணைத்துவிட்டால், சிரை தடித்து ஊசி குத்தத் தோதாக வளர்ந்துவிடும் என்றார்கள். இன்று நம் மாமாக்களின் கையில் புடைத்து நிற்கிற, தொட்டால் அதிர்கிற அந்த ஃபிஸ்டுலா இதுதான். 1976இல் வயிற்றுக்குள் மருந்து நீரை விட்டு எடுக்கும் முறையை அமெரிக்காவில் போப்போவிச், மான்கிரீஃப் இருவரும் அறிவித்தார்கள். அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

சங்கத்தின் வயதும் மலேசியாவின் கதையும்

நம் நாட்டில் தேசியச் சிறுநீரக அறநிறுவனம் 1969இல் தோன்றியது. மலேசியாவின் முதல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1975இல் கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையில் நடந்தது. நமது சங்கம் பிறந்த ஆண்டும் அதுவே. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் தாயகத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்திருந்தது.

அந்தக் காலத்துச் செபராங் ஜெயாவை இளையவர்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டும். பினாங்குப் பாலம் 1985இல்தான் திறந்தது. அதுவரை, பெரிய சிகிச்சை எதற்கானாலும் பட்டர்வொர்த் போய், பெர்ரியில் ஏறி, தீவில் இறங்கி, பொது மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை அப்படிப் போய்வருவதை நினைத்துப் பாருங்கள். சிகிச்சை உலகத்தில் இருந்தது, நம்மிடமிருந்து வெகுதூரத்தில் இருந்தது.

அந்தத் தூரம் தொண்ணூறுகளுக்குப் பிறகுதான் குறையத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளோடு அறநிறுவன மையங்களும் தனியார் மையங்களும் பெருகின. 1992இல் நாட்டின் டயாலிசிஸ், மாற்றுச் சிகிச்சைப் பதிவேடு தொடங்கியது. அறநிறுவன மையங்களில் நடக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் 50 வெள்ளி உதவித்தொகை தரும் திட்டத்தை அரசு 2001இல் தொடங்கியது. பெர்கேசோவும் ஜகாத் அமைப்புகளும் உதவுகின்றன. சியாட்டில் குழுவைப் போல "உனக்கு இடமில்லை" என்று சொல்லும் நிலை இங்கே பெருமளவு நீங்கியதற்கு இவையெல்லாம் காரணம். அல்ஹம்துலில்லாஹ்.

இன்று மலேசியாவில் டயாலிசிஸில் இருப்பவர்கள் 50,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். புதிதாகச் சேர்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் நீரிழிவு. நாசி கண்டாரும் தே தாரிக்கும் நம் சமூகத்தின் பெருமை என்றால், இந்தக் கணக்கிலும் நமக்குப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் பெரியத்தாவின் முதல் ஆண்டு

மையம் வீட்டருகே வந்துவிட்டது. இனி மருத்துவமனைக்கு என்ன வேலை என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் டயாலிசிஸ் நோயாளிகள் மற்றவர்களைவிட மிக அதிகமாக வார்டில் அனுமதிக்கப்படுகிறார்கள் என்பது உலகெங்கும் தெரிந்த உண்மை. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக எடுத்த கணக்கில், ஒரு நோயாளி ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டு முறை மருத்துவமனையில் சேர்கிறார். எங்கள் பெரியத்தா முதல் ஆண்டில் நான்கு முறை சேர்ந்தார். அந்த நான்கையும் மறைக்காமல் எழுதுகிறோம். பிறருக்குப் பயன்படட்டும்.

முதல் முறை, தொடக்கத்திலேயே. சிறுநீரகம் குறைந்துகொண்டே வருகிறது, ஃபிஸ்டுலா போட்டுக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபிஸ்டுலா முதிர்ந்து பயன்பாட்டுக்கு வர ஒரு மாதத்துக்கு மேலாகும். "கையை வெட்ட விடமாட்டேன்" என்று பெரியத்தா பிடிவாதமாக இருந்தார். நாங்களும் நாட்டு மருந்து வாங்கிக் கொடுத்து ஒத்துழைத்தோம். ஒரு நாள் நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். கழுத்தில் குழாய் வைத்து அவசரமாக டயாலிசிஸ் தொடங்கினார்கள்.

இரண்டாவது முறை அந்தக் கழுத்துக் குழாயினால். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே குளிர்க் காய்ச்சல் வந்து நடுங்கினார். குழாய் வழியே கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. ஃபிஸ்டுலாவைவிடக் குழாயில் இந்த ஆபத்து மிக அதிகம் என்று அப்போதுதான் புரிந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவ உலகம் கண்ட வழியை நாங்கள் பயத்தினால் தள்ளிப்போட்டிருந்தோம்.

மூன்றாவது முறை, நோன்பு மாதத்தில். அவர் நோன்பு வைக்கவில்லை. ஆனால் மாலையில் எல்லாரோடும் உட்கார்ந்து நோன்பு திறப்பார். எங்கள் கடைக்கு வந்த முதல் சரக்கிலிருந்து நல்ல பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை, அவருக்கென்றே எடுத்து அனுப்பியிருந்தோம். நாளுக்கு ஏழெட்டுப் பழம் சாப்பிட்டிருக்கிறார். பேரீச்சையில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் அது தேங்கும். தேங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். "என்ன சாப்பிட்டார்?" என்று தாதி கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்போடு அனுப்பிய பெட்டிதான்.

நான்காவது முறையை எழுதக் கை கூசுகிறது. பெரியத்தாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி. சீனப் புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமை; கடையில் மூன்று லாரி சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவரை ஏற்றிப்போக யாருக்கும் கை ஒழியவில்லை. போன் செய்தோம். "ஒரு நாள்தானேப்பா, கடையைப் பாருங்க" என்றார் அவர். நாங்களும் நிம்மதியானோம். ஞாயிறு மையம் விடுமுறை. திங்கட்கிழமை இடம் காலியில்லை. ஆக, வியாழன் முடிந்து அடுத்த சிகிச்சை செவ்வாய்தான். ஐந்து நாள் இடைவெளி. திங்கள் இரவே நுரையீரலில் நீர் கோத்து அவசரப் பிரிவில் சேர்த்தோம். ஒரு நாளைத் தவறவிட்டால் ஒரு நாள் போகும் என்று நினைத்தோம். அது ஐந்து நாளாகிவிட்டது.

நீண்ட இடைவெளி

பிறகுதான் இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டோம். நல்ல சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரமும் வேலை செய்கிறது. டயாலிசிஸ் நான்கு மணி நேரம், மூன்று முறை. மொத்தம் 12 மணி நேரம். மீதி 156 மணி நேரமும் நீரும் உப்பும் பொட்டாசியமும் உடம்பிலேயே சேர்கின்றன. வாரத்துக்கு ஏழு நாள் என்பதால், மூன்று சிகிச்சைகளுக்கு இடையில் ஓர் இடைவெளி மட்டும் எப்போதும் மற்றவற்றைவிட ஒரு நாள் நீளமாக விழும். திங்கள், புதன், வெள்ளிக்காரருக்குச் சனியும் ஞாயிறும். செவ்வாய், வியாழன், சனிக்காரருக்கு ஞாயிறும் திங்களும்.

இந்த இடைவெளியின் விலை என்னவென்று 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ராபர்ட் ஃபோலியும் அவர் குழுவினரும் 32,065 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில், இதயம், இரத்தநாளம் தொடர்பான காரணங்களால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மற்ற நாட்களைவிட இரு மடங்குக்கும் மேல். இறப்பும் அந்த நாளில் கூடுதல். இத்தனைக்கும் எந்தச் சிகிச்சையையும் தவறவிடாதவர்களுக்கும் இந்த இடைவெளி உண்டு. தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டோம்.

நம் சமூகத்தின் நாட்காட்டியை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கல்யாணம், கந்தூரி, குடும்பக் கூடல் எல்லாம் சனி, ஞாயிறில். பிரியாணி, தால்சா, ஊறுகாய், சிராப் பாண்டோங். நாசி கண்டாரில் குழம்பை மிதக்கவிட்டுச் சாப்பிடுவது நம் வழக்கம். அந்தக் குழம்பின் உப்பு தாகத்தைக் கிளப்பும். தாகம் தண்ணீரைக் கேட்கும். தண்ணீர் வெளியேற வழியில்லை. நாம் மிகவும் பாசத்தோடு உபசரிக்கும் நாள், நோயாளியின் உடம்பு மிகவும் பலவீனமான நாளாக இருக்கிறது. "ஒரு வாய்தானே மாமா" என்று நாம் சொல்லும்போது அவரால் மறுக்க முடிவதில்லை.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. டயாலிசிஸ் இயந்திரம் ஒரு முறைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரித்த நீரைப் பயன்படுத்துகிறது. அந்த நீர் கெட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1996இல் பிரேசிலின் கருவாரு நகரம் சாட்சி. நீர்த்தேக்கத்துப் பாசியின் நஞ்சு டயாலிசிஸ் நீரில் கலந்து 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலைய வேலைக்காகப் பினாங்கில் சில நாட்கள் தண்ணீர் நிறுத்தப்பட்டபோது நாமெல்லாம் வாளிகளை நிரப்பி வைத்துச் சமாளித்தோம். ஒரு டயாலிசிஸ் மையம் வாளியால் சமாளிக்க முடியாது. அடுத்த முறை தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்தால், நம் வீட்டுத் தொட்டியைப் பார்ப்பதற்கு முன், உறவினர் போகும் மையத்தில் என்ன ஏற்பாடு என்று ஒரு போன் செய்து கேட்போம்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு

நமது சங்கம் இந்த ஐம்பது ஆண்டுகளில் ஜனாஸாக்களைச் சுமந்திருக்கிறது, ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறது, டயாலிசிஸ் கட்டணத்துக்கும் கைகொடுத்திருக்கிறது. கட்டணம் அவசியம்தான். ஆனால் கட்டணம் கட்டிய இருக்கைக்கு நோயாளி போய்ச் சேர வேண்டாமா? ஆண்டுக்கு 156 சிகிச்சை. போக, வர 312 பயணம். வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள எந்தக் குடும்பமும் தனியாக இதை ஒரு நாளும் தவறாமல் செய்ய முடியாது.

ஆகவே சில வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கிறோம். கார் உள்ள இளைஞர்கள் பெயர் கொடுத்து முறைவைத்து ஓட்டுவோம். ஒருவர் வராவிட்டால் அடுத்தவர் யார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். குறிப்பாக வெள்ளி, சனி இரு நாட்களுக்கும். நீண்ட இடைவெளியின் கடைசி மாலையில் தனியாக இருக்கும் நோயாளிகளுக்கு ஒரு போன் செய்வோம். "மூச்சு எப்படி இருக்கு? கால் வீங்கியிருக்கா?" என்ற இரண்டு கேள்விகள் போதும். விருந்தில் அவர்களுக்கு எவ்வளவு தண்ணீர், என்ன உணவு என்பதை அவரவர் மருத்துவர் சொன்னபடி விட்டுவிடுவோம். வற்புறுத்த மாட்டோம் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவோம். பேரீச்சை, இளநீர், வாழைப்பழம் கொடுக்குமுன் கேட்போம். பெலிம்பிங் பழம் வேண்டவே வேண்டாம். சிறுநீரக நோயாளிக்கு அது மூளையையே பாதிக்கும் நஞ்சாகலாம். நோன்பு வைப்பதா என்பதை மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யட்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

ஆண்டுக்கு ஒரு முறை சங்க மண்டபத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை நடத்துவோம். சிறுநீரகம் குறைகிறது என்று தெரிந்தவருக்கு, ஃபிஸ்டுலாவோடு வாழும் ஒருவரை அறிமுகப்படுத்தி, அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வோம். எங்கள் பெரியத்தாவுக்கு அப்படி ஒருவரை நாங்கள் காட்டியிருந்தால் முதல் இரண்டு அனுமதிகள் ஒருவேளை நேர்ந்திருக்காது.

நான்காவது அனுமதிக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. அன்று யார் கூட்டிப்போவது, அவர் முடியாவிட்டால் யார், காலை எடை எவ்வளவு என்று அதில் எழுதினோம். கடைக் கணக்கைவிட அதைக் கவனமாக எழுதினோம். அடுத்த நான்கு ஆண்டுகளில் பெரியத்தா வார்டில் சேர்ந்தது இரண்டே முறை. பேரன் பேத்திகளின் இரண்டு கல்யாணங்களைப் பார்த்தார். விருந்தில் சின்னக் கிண்ணத்தில் குழம்பை வாங்கிக்கொண்டு, "இது போதும்ப்பா" என்று சிரிப்பார். பிறகு அல்லாஹ்வின் நாட்டப்படி வஃபாத்தானார். அந்த நோட்டு இன்னும் கடையில் இருக்கிறது.

சியாட்டிலில் ஏழு பேர் உட்கார்ந்து யாருக்கு இடம் என்று தீர்மானித்தார்கள். நமக்கு அந்தக் கொடுமை இல்லை. நம்மிடம் கேட்கப்படுவது, சனிக்கிழமை காலை யார் கார் எடுத்து வருவது என்பதுதான். அதற்கு எப்போதும் ஒரு பெயர் தயாராக இருக்கும் சங்கமாக நம் சங்கம் அடுத்த பொன்விழாவைக் காணட்டும்.

வல்ல இறைவன் நோயுற்றவர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.